நாலு சில்லும் நோபர்ட்டும்

பலாபத்வலையில் நோபர்ட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தாலும் கடைசி வாங்குப் பலகையில் கதவோரமாக, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வாசற்படியிலும் வைத்துக்கொண்டுதான் இருப்பார். பாதர் நற்கருணையை உயர்த்தும்போது எல்லோருடைய தலையும் குனியும். இவருடைய தலை மட்டும் முதலில் முற்றத்துப் பக்கம் திரும்பி, மரத்தடியில் நிற்கும் வேனைப் பார்த்துவிட்டுப் பிறகு குனியும். அங்கிருந்து பார்த்தால் சக்கரம் நாலில் ஒரு பக்கத்துச் சில்லு இரண்டும்தான் தெரியும். மற்றப் பக்கத்து இரண்டும் இருக்கிறதா இல்லையா என்ற யோசனை அவரைப் பிடுங்கித் தின்னும். பாதி நாட்களில் பிரசங்கம் முடியுமுன்பே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

"வேன் போனா போவுதுன்னு விட்டாலும் விடுவாரு, சில்ல மட்டும் விடமாட்டாரு மனுசன்" என்று, வாடகை வண்டிகள் நிற்கும் மாத்தளை ஹயர் ஸ்டாண்டில் சுந்தரலிங்கம் கேலி பண்ணுவார். சுந்தரலிங்கமும் வேன்காரர்தான். இருவரும் இருபது வருடமாக ஒரே மரத்தின் கீழ் ஹயருக்குக் காத்து நிற்பவர்கள். கேலி என்றாலும் அதில் பொய் ஒன்றும் இல்லை.

நோபர்ட்டிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஹயர் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கைகால் கழுவுமுன், வண்டியை ஜக் வைத்துத் தூக்கி முன்சில்லு ஒன்றைக் கழற்றி, உள்ளே உருட்டிப்போய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார். காலையில் தேத்தண்ணி குடிக்குமுன் அதைத் திரும்பப் பூட்டுவார். மூன்று காலில் நிற்கும் வாகனத்தைப் பார்த்தால், தனக்கு முன்பே எவனோ வந்து போய்விட்டான் என்று கள்ளன் நினைத்துத் திரும்பிவிடுவான் என்பது அவருடைய கணக்கு. எண்பத்து நாலாம் ஆண்டு தொடங்கிய பழக்கம். கார் மாறியது, வேன் வந்தது, வீடும் ஒருமுறை மாறியது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

மனைவி மார்ஜரி சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். "ஏங்க, அவசரத்துக்கு ஓடுறதுக்குத்தானே சில்லு வேணும்னு சொல்றீங்க? அவசரம் வந்தா மொதல்ல நீங்க கட்டிலுக்குக் கீழ படுத்து இத இழுக்கணும். அப்புறம் ஜக்கு வைக்கணும். அப்புறம் நட்டுப் பூட்டணும். அதுக்குள்ள வாறவன் வந்து, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போயிருவான்."

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காது" என்பார் நோபர்ட். அவளுக்கு எல்லாம் விளங்கும் என்பதும், அவள் சொல்வதுதான் சரி என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கோபம் வரும்.

இந்தச் சில்லுப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று சொல்லாமல் விட்டால் அவரைப் பார்த்துச் சிரிப்பது பாவமாகிவிடும்.

எண்பத்து மூன்று ஆடி மாதம். நோபர்ட்டுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரு பழைய மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரை வைத்து ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். வீட்டில் மார்ஜரியும், இரண்டு வயது மகள் தெரேசாவும், மாத்தளையில் அச்சுக்கூடமொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி ரபாயேலும் இருந்தார்கள். ரபாயேலுக்கு இருபத்தொன்று. கொழும்பில் தமிழர்களை அடிக்கிறார்கள், கண்டியிலும் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. விடிந்ததும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மாத்தளை டவுனைத் தாண்டி, எல்கடுவைப் பக்கம் மார்ஜரியின் அண்ணன் இருக்கும் தோட்டத்துக்குப் போய்விடுவது என்று நோபர்ட் முடிவு செய்தார். ரோட்டுக்கு அடுத்த பக்கத்தில் டயர் கடை வைத்திருந்த, நோபர்ட் அண்ணனாக மதித்து 'நானா' என்று கூப்பிடும் சாலிஹ் பாஸ் சாயந்தரமே வந்து, "டவுன் பக்கம் போகாத நோபட், வாகனத்த நிப்பாட்டிப் பேர் கேக்கிறானுகளாம்" என்று சொன்னார். நோபர்ட் கேட்கிற சாதியா? "இங்கின இருந்தா வீட்டோட வச்சுக் கொளுத்துவாங்க நானா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

விடிந்து கதவைத் திறந்தால் கார் நான்கு கல்லின் மேல் நிற்கிறது. நாலு சில்லும் இல்லை.

அன்றைக்கு நோபர்ட் போட்ட கூச்சலைச் சொல்லி முடியாது. மார்ஜரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். எங்கேயாவது சில்லு எடுத்துவரச் சொல்லி நோபர்ட் தம்பியை அனுப்பினார். ரபாயேல் முதலில் சாலிஹின் கடைக்குத்தான் போனான். அங்கே அந்தக் காருக்குப் பொருந்தும் சில்லு இல்லை என்று அறிந்து, அலுவிகாரைப் பக்கம் தெரிந்த கராஜ் ஒன்றைத் தேடிக்கொண்டு போனானாம். அவன் போய் ஒரு மணித்தியாலம் ஆகுமுன் சாலிஹ் பின்பக்கத்தால் ஓடி வந்து மூன்று பேரையும் இழுத்துப்போய்த் தன் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பழைய டயர்க் குவியலுக்குப் பின்னே இருத்தினார். அவருடைய மனைவி ஸைனம்பு நாலு நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். தெரேசா அழுதால் வாயில் சீனித் துண்டை வைப்பாள்.

வந்தவர்கள் நோபர்ட்டின் வீட்டை எரித்தார்கள். கல்லில் நின்ற காரை, யாரோ முந்திக்கொண்டு கொள்ளையடித்தது என்று நினைத்தார்களோ என்னவோ, கண்ணாடியை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்கள். ரபாயேல் வரவில்லை. பிறகும் வரவில்லை. அலுவிகாரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒரு சிங்கள அம்மா மட்டும் சொன்னார். மெலிந்த பையன் ஒருவன் ஒரே ஒரு கார்ச் சில்லை ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு பலாபத்வலைப் பக்கம் நடந்து போனானாம். அவன் பின்னால் ஆட்கள் நிறைந்த லொறி ஒன்று வந்ததாம். அதற்கு மேல் பார்க்கப் பயந்து அவர் கதவை மூடிவிட்டார்.

"சில்லக் களவெடுத்தவன்தான் என் தம்பியக் கொன்னவன்." இதை நோபர்ட் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்தக் கள்ளனுக்கு அவர் மனதில் பல முகங்கள் மாறி மாறி வந்தன. ரோட்டில் எந்த மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டைக் கண்டாலும் குனிந்து அதன் சில்லைப் பார்ப்பார். இருபத்து நாலு வருடமாக, என்றைக்காவது அவன் கையில் கிடைப்பான் என்பதே அவரை நடமாட வைத்தது. அவன் ஒருவன் இருந்தால்தான் நோபர்ட்டுக்கு மூச்சு விட முடியும். அவன் இல்லை என்றாகிவிட்டால் தம்பியை அனுப்பியது யார் என்ற கேள்விதான் மிஞ்சும்.

சாலிஹை மட்டும் அவர் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். உயிர் காத்த மனிதர் அல்லவா? அதோடு முடியவில்லை. அந்த வருடம் புரட்டாதியில் சாலிஹ் எங்கிருந்தோ நாலு பழைய சில்லு தேடிப்பிடித்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, டயரும் போட்டுக் காரில் பூட்டிக் கொடுத்தார். நோபர்ட் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காரை விற்கும்வரை அந்தச் சில்லில்தான் ஓடினார்.

இனி இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக்கு வருவோம். வடக்கே சண்டை மூண்டிருந்தது. ஏ-ஒன்பது ரோட்டில் நாலு மைலுக்கு ஒரு செக் பொயிண்ட். தமிழ்ச் சாரதி என்றால் அடையாள அட்டையை இரண்டு தரம் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கரைச்சல் போதாதென்று மாத்தளையில் சில்லுக் களவு வேறு தொடங்கியது. ஒரு மாதத்தில் இரண்டு வேனைக் கல்லில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். நோபர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. துபாயில் வேலை செய்யும் மகள் தெரேசாவுக்குப் போன் எடுத்துப் புலம்பினார். அவள் ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்னப் பெட்டியொன்றைக் கொடுத்தனுப்பினாள்.

பெட்டிக்குள் நாலு லொக் நட் இருந்தன. சாதாரண நட்டுக்கு ஆறு பட்டை இருக்கும், எந்த ஸ்பானர் சாவியும் பிடிக்கும். இது முழு உருண்டை. முகத்தில் மட்டும் வளைவு வளைவாக ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் பொருந்துகிற, கட்டைவிரல் அளவு இரும்புச் சாவி ஒன்றும் கூடவே இருந்தது. அந்தச் சாவி இல்லாமல் யாரும் திருக முடியாது. சில்லுக்கு ஒன்று வீதம் பூட்டினால் போதும்.

நோபர்ட் வேனுக்குக் கீழே படுத்து அதைப் பூட்டிக்கொண்டிருந்த காலையில் சாலிஹ் வந்தார். வயது எழுபதை நெருங்கிவிட்டது. கடையை மகனிடம் விட்டிருந்தாலும் காலையும் மாலையும் கடைவாசலில் வந்து இருப்பார். அந்த வருடம் அவரும் ஸைனம்புவும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் சொந்தக்காரர், அயலவர், பழகியவர் என்று எல்லோரிடமும் போய் மாப் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுக்கெல்லாம் மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் பயணம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நோபர்ட்டின் வேனில் போவதென்று ஏற்கெனவே பேசியாகிவிட்டது.

"நோபட், நான் மாப் கேக்க வந்த. நான் ஒனக்கு ஏதும் பிழை செஞ்சீந்தா மாப் செய்யணும்."

"செஞ்சாச்சு நானா" என்றார் நோபர்ட் வேனுக்குக் கீழே இருந்தபடியே. "அந்தச் சின்னச் சாவிய எடுத்துத் தாங்க."

சாலிஹ் சாவியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நோபர்ட்டின் கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. "சரி, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோபர்ட்டுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. தன் உயிரைக் காத்தவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அன்று சில்லு கட்டிலுக்குக் கீழே போகவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. மார்ஜரி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். பேசினால் நாவூறு பட்டுவிடும் என்று பயந்திருப்பாள்.

ஹயர் ஸ்டாண்டில் நோபர்ட் அந்த நட்டைக் காட்டாத ஆளில்லை. சுந்தரலிங்கம் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆறு நட்டுல ஒண்ணுக்குப் பூட்டு. இத நம்பி நீங்க தூங்கப் போறீங்களா?"

"ஒண்ணு இருந்தா போதும்யா. மத்த அஞ்சையும் கழட்டுனாலும் சில்லு வராது."

"களவெடுக்கிறவன் சும்மா கைய வீசிக்கிட்டு வாறவனா? இதுக்கும் ஒரு வித்த வச்சிருப்பான்."

"எங்க, ஒருத்தனக் கழட்டச் சொல்லுங்க பாப்போம்."

"நான் எதுக்கு? ஒங்க சாலிஹ் பாஸுகிட்டக் குடுத்துப் பாருங்க. இந்த ரோட்டுல அவருக்குத் தெரியாத நட்டு இல்ல."

நோபர்ட்டுக்கு அந்த வார்த்தை உள்ளே போய் முள்ளாக நின்றுகொண்டது. பூட்டு நல்ல பூட்டா, இல்லையா? சாலிஹ் பாஸால் முடியாவிட்டால் யாராலும் முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று பின்னேரமே போய்க் கேட்டார். சாலிஹ் மாட்டேன் என்றார். மறுநாளும் கேட்டார். "ஹஜ்ஜுக்குப் போற ஆள், அடுத்தவன்ட பூட்ட ஒடச்சிப் பழகச் சொல்றியா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் சுந்தரலிங்கத்தையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, வேனைக் கடைவாசலில் நிறுத்தி, "நானா, கழட்டுங்க. இல்லாட்டி நான் போகமாட்டேன்" என்று நின்றார் நோபர்ட். பிடித்தால் விடாத மனுசன்.

சாலிஹ் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சுத்தியலும், நீட்டுக் கம்பியும், தேய்ந்துபோன பழைய சொக்கெட் ஒன்றும் எடுத்து வந்தார். சொக்கெட் அந்த நட்டைவிடக் கொஞ்சம் சின்னது. அதை நட்டின் மேல் வைத்து நாலு அடி அடித்தார். இரும்பு இரும்பைக் கவ்விக்கொண்டு இறங்கியது. கம்பியைக் கோத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து ஒரு திருப்பு. கடக் என்றது. நட்டு வெளியே வந்துவிட்டது.

"மூணு நிமிசம்கூட இல்ல" என்று கைக்கடிகாரத்தைத் தட்டினார் சுந்தரலிங்கம். அவருக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கலேவெலைக்கு ஹயர் இருக்கிறது என்று போய்விட்டார். ஹயர் ஸ்டாண்டில் போய்ச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்திருக்கும்.

சாலிஹ் பழைய டயரொன்றின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "பூட்டு பிழையில்ல நோபட். கையில வெறும் சாவியோட வாற கள்ளன் இதப் பார்த்தா அடுத்த வாகனத்துக்குப் போயிருவான். சாமானோட வாறவனுக்குச் சத்தம் மட்டும்தான் கரைச்சல்."

"அன்னைக்கு எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே நானா" என்றார் நோபர்ட். முகம் இருண்டிருந்தது. "படுத்திருந்த அறைக்கும் காருக்கும் ஆறடி. நாலு சில்லு கழட்டியிருக்கான் படுபாவி. எவ்வளவு நேரம் எடுத்திருப்பான்?"

சாலிஹ் கையைத் துடைத்த துணியை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார்.

"அரை மணித்தியாலம் போச்சி. நட்டெல்லாம் துருப்புடிச்சி ஈந்திச்சி. மண்ணெண்ண ஊத்தி ஊத்தித்தான் கழட்டின. சத்தம் வந்தா நீ எழும்புவாயிண்டு பயம்."

நோபர்ட்டுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிய பிறகு வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பு கேட்டேன், நீ வேனுக்குக் கீழ ஈந்துகிட்டு செஞ்சாச்சிண்டு சொன்ன. என்ன பிழையிண்டு தெரியாம செய்ற மாப்பு மாப்பில்ல. அது எனக்குத் தெரியும். ரெண்டு நாளா நான் ஓடி ஒளிஞ்ச" என்றார் சாலிஹ். கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது. "அன்டைக்கு டவுனிலயிருந்து வந்த லொறிக்காரன் சொன்ன, சந்தியில ஒரு காரைக் குடும்பத்தோட கொளுத்திட்டானுகளாம். ஒனக்கு நான் எவ்வளவு சொன்ன, நீ கேக்கல்ல. எனக்கு வேற வழி தெரியல்ல. சில்லு இல்லாட்டி நீ போகமாட்டாயிண்டு நான் நினைச்ச. தம்பிய அனுப்புவாயிண்டு நான் நினைக்கல்ல."

"சில்லு?"

"நீங்க நாலு நாள் ஒளிஞ்சி ஈந்த குவியலுக்குள்ளதான் ஈந்திச்சி. பொறகு நான்தான் பெயின்ட் அடிச்சி ஒனக்கே தந்த."

நோபர்ட் கழன்ற இடத்தில் ஒரு சாதாரண நட்டை வைத்துப் பூட்டினார். இரண்டு தரம் நட்டு கீழே விழுந்தது. வேனில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. வடக்கே, நாவுல பக்கமாக ஓட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. செக் பொயிண்டில் ஆமிக்காரன் சிங்களத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, தெரியாது என்று சொல்லிவிட்டார். அந்த நாளில் தமிழன் ஒருவன் சொல்லக்கூடாத பதில் அது. இறக்கி நிறுத்தினார்கள். மூன்று சில்லில் மட்டும் உருண்டை நட்டு என்ன என்று கேட்டார்கள். ஒரு சில்லைக் கழற்றி டயருக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று டயரைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார். அந்தச் சமயம் அவர்கள் அடித்திருந்தால்கூட நோபர்ட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களோ போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மார்ஜரியிடம் சொன்னார். அவள் அடுப்படியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரபாயேலின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சில்லு இருந்திருந்தா நாம எந்தப் பக்கமா போயிருப்போம்?"

"டவுன் பக்கமா."

"அப்ப அவரு கழட்டலேன்னா நான் இன்னைக்கு ஒங்களோட பேசிக்கிட்டு இருக்கமாட்டேன். தெரேசாவும் இருந்திருக்கமாட்டா."

"ரபாயேல்?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியலங்க" என்றாள் மார்ஜரி. "அவர்மேல எனக்குக் கோவம் வருது. கும்புடணும்போலயும் இருக்கு. நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது, அவரோட கண்ணத் தொடச்சிட்டு அனுப்புங்க."

சொல்வது சுலபம். நோபர்ட் எட்டு நாள் அந்தக் கடைப் பக்கம் தலை வைக்கவில்லை. ஹயர் ஸ்டாண்டிலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இருபத்து நாலு வருடம் கட்டி வளர்த்த கள்ளன் ஒரே நாளில் காணாமல் போய்விட்டான். அவனைத் திட்டிய திட்டையெல்லாம் இனி யார்மேல் போடுவது? சாலிஹின்மேல் போட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு தன்மேலேயே வந்து விழுந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பயண நாள் வந்தது. சாலிஹின் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. நோபர்ட் வரமாட்டார் என்று நினைத்து, சாலிஹின் மகன் வேறொரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பெட்டிகளை ஏற்றும் நேரத்தில் நோபர்ட்டின் வேன் வந்து நின்றது. அவர் இறங்கி, ஒருவரையும் பார்க்காமல், மற்ற வேனில் இருந்த பெட்டிகளை இறக்கித் தன் வேனில் அடுக்கினார்.

சாலிஹ் கிட்ட வந்தார். "நோபட், மாப் செஞ்சிட்டியா?"

"ஏறுங்க நானா. நேரமாவுது."

மகன் உறவினரோடு மற்ற வேனில் பின்னால் வந்தான். நோபர்ட்டின் வேனில் சாலிஹ் முன்னாலும் ஸைனம்பு பின்னாலும் இருந்தார்கள்.  ரபாயேலைக் கடைசியாகக் கண்ட அலுவிகாரைக்குக் கிட்டே வந்ததும் நோபர்ட் வேனை ஓரம்கட்டி நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன.

"நானா, ரபாயேல் சில்லுக் கேட்டு வந்தப்ப வேற என்ன சொன்னான்?"

"அவன் சில்லு ஈக்காண்டு கேட்ட. எல்லாரையும் கூட்டிட்டு இங்க வா, ஒளிச்சி வைக்கிறேண்டு நான் சொன்ன. அவன் கேக்கல்ல, போயிட்டான். வேற ஒண்டும் சொல்லல்ல."

"ஹஜ்ஜுக்குப் போற மனுசன் நீங்க. பொய் சொல்லாதீங்க."

சாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நானே சொல்றேன்" என்றார் நோபர்ட்.  "அவன் போகமாட்டேன்னான். பயமா இருக்கு அண்ணேன்னான். நான் கன்னத்துல அறைஞ்சேன். சில்லு இல்லாம என் மூஞ்சில முழிக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினேன். மார்ஜரிக்குக்கூடத் தெரியாது. அதனாலதானே நீங்க கூப்புட்டும் அவன் திரும்பி வரல."

"கன்னத்தில அடையாளம் ஈந்திச்சி" என்றார் சாலிஹ் மெதுவாக. "எனக்கு அன்டைக்கே தெரியும்."

இருபத்து நாலு வருடம் இந்த மனிதர் அதை யாரிடமும் சொல்லவில்லை. தன் கண்ணுக்கு முன்னால் நோபர்ட் கள்ளனைத் திட்டித் தீர்த்தபோதெல்லாம், அறைந்தது நீதானே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோபர்ட் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். ஸைனம்பு பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நோபர்ட் நிமிர்ந்தார். "ஒங்களுக்கு மாப் செய்ய நான் ஆளில்ல நானா. செய்ய வேண்டியவன் அவன். நீங்க அங்க போய்க் கேக்கிறப்போ என்னையும் சேத்துக் கேளுங்க."

"ஒன்ட பேரச் சொல்லியா?"

"பேரு வேணாம். அறைஞ்சு அனுப்பின அண்ணன்னு சொல்லுங்க."

சாலிஹ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த வேன் ஹோர்ன் அடித்தது. நோபர்ட் கியரைப் போட்டு, மாத்தளைப் பக்கமாக வண்டியை எடுத்தார்.